இலவச வகுப்புக்கு யார் வருகிறார்கள்? புதுவயல், காரைக்குடி அனுபவங்கள்

2 பிப்ரவரி 2025. புதுவயல் வாசகர் ஒருவர் கேட்டது

"எங்கள் ஊர் அரிசி ஆலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் பையன்களுக்காக ஞாயிறு காலை பத்து மணிக்கு இலவசத் தமிழ் வகுப்பு, கூடவே கம்ப்யூட்டர், வேலைப் பயிற்சி என்று போஸ்டர் ஒட்டி ஆரம்பித்தோம். முதல் வாரம் நாற்காலி பற்றவில்லை. போன வாரம் நாங்களும் நாற்காலியும்தான். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை என்பது என் முடிவு. தலைக்கு நூறு ரூபாய் வைத்தால் ஒழுங்காக வருவார்கள். அதுவும் போக, ஆறு மாதத்தில் ரயில் ஏறப் போகிறவனுக்கு அ, ஆ எதற்கு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

2 பிப்ரவரி, இரவு

நூறு ரூபாய் வைத்துப் பாருங்கள். நாற்காலி வாடகை மிச்சமாகும்.

காரைக்குடியில் நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் இப்படி ஒன்று நடத்துகிறோம். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது, படிவம் நிரப்பத் தெரியும். வகுப்பு ஓடுவதே அதனால்தான்.

முதலில் உங்கள் நேரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி சம்பளம் கைக்கு வருகிறது. ஞாயிறு காலையில் அவன் வாரத்துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வீடியோ காலில் பிள்ளை முகம் பார்க்க வேண்டும், ஆறு பேர் சேர்ந்து கறி வாங்கிச் சமைக்க வேண்டும். பத்து மணிக்கு வா என்றால் எப்படி வருவான்? கட்டட வேலைக்காரர்களில் பாதிப் பேருக்கு ஞாயிறு மத்தியானம் வரை வேலை இருக்கும். நாங்கள் மாலை நான்கு மணிக்கு வைத்திருக்கிறோம். அதிலும் நாலரைக்குத்தான் முகங்கள் தெரியும்.

அடுத்தது போஸ்டர். தமிழில் அடித்திருந்தால் தமிழ் தெரியாதவனுக்குத் தமிழ் வகுப்பு இருப்பது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாங்களும் முதல் தடவை தமிழில்தான் அடித்தோம், சிரிக்காதீர்கள்.

3 பிப்ரவரி

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது, உண்மையில் முக்கியமானது. தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவனும் வருவதில்லை. ஒரு காகிதத்தோடு வருகிறான். இல்லையென்றால் ஓடாத ஒரு செயலியோடு வருகிறான்.

எங்களிடம் அதிகம் வருவது ஆதார்–கைப்பேசி எண் விவகாரம். ஊரில் இருந்தபோது கொடுத்த எண் ஒன்று. இங்கே வந்ததும் மேஸ்திரி வாங்கிக்கொடுத்த சிம் வேறு. பழைய சிம் தம்பியிடமோ குப்பையிலோ கிடக்கும். எதற்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். ஆதார் மையத்தில் கட்டணம் கட்டி எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் மையத்தில் போய் என்ன கேட்பது, எந்த வரிசையில் நிற்பது, அங்கே இருக்கிற அம்மா "என்ன மாத்தணும்?" என்றால் என்ன சொல்வது? இதை ஒத்திகை பார்க்கிறோம். நான்தான் அந்த அம்மா. சிடுசிடுவென்று பேசி நடிப்பேன். அந்த அரை மணி நேரத்தில் அவன் பேசுகிற தமிழ் வாழைப்பழப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்து வருமா?

எண் மாறியதும் இ-ஷ்ரம் பதிவு, அதாவது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பட்டியல். 16 முதல் 59 வயதுக்குள் உள்ள, பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் இல்லாத அமைப்புசாராத் தொழிலாளி யாரும் பதியலாம். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். உதவி எண் 14434.

5 பிப்ரவரி

தேவகோட்டை ஆச்சி, முதல் பாடம் எது என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதல் பாடம் உயிரெழுத்து இல்லை. எழுத்தே இல்லை. சாமான்கள்தான்.

ஒரு கொத்தனாரிடம் இரவல் வாங்கி மேசைமேல் பரப்புவோம்: கரண்டி, மட்டக்கோல், ரசமட்டம், தூக்குக்குண்டு, சட்டி, மம்பட்டி. நீலச்சட்டை போட்ட பையன் ஒருவன், இருபது வயதிருக்கும், தூக்குக்குண்டின் நூலை விரலில் சுற்றிச் சுவரோரம் தொங்கவிட்டான். குண்டு ஆடி நிற்கிறவரை பேசவில்லை. நின்றதும் சுவரைத் தட்டி, "கோணல்" என்றான். அந்தச் சொல்லை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, மேஸ்திரி வாயிலிருந்து அவனுக்கு நாள் முழுக்க விழுகிற வசவு அது. சுவரும் கோணல்தான். வகுப்புக்கு இடம் கொடுத்த மண்டபத்துக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆத்தங்குடிப் பக்கம் கல் பட்டறையில், அதாவது தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் செய்கிற இடத்தில், வேலை செய்கிற இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சாமான்கள் வேண்டாம். கண்ணாடி, சட்டம், வண்ணக் கலவை, மணல், சிமெண்டு, தண்ணீர்த் தொட்டி. கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணத்தை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அழுத்துகிறார்கள். மறுநாள் எடுத்துத் தொட்டியில் ஊறவைப்பது. அவர்களைச் செய்துகாட்டச் சொன்னோம். கையில் ஒன்றும் இல்லாமலேயே காற்றில் செய்து காட்டினான் ஒருவன். ஒவ்வோர் அசைவுக்கும் நாங்கள் தமிழில் ஒரு வினைச்சொல் கொடுத்தோம்: ஊற்று, தூவு, அழுத்து, தூக்கு, ஊறவை. பத்து நிமிடத்தில் அவன் ஒரு முழுப் பத்தி பேசிவிட்டான்.

9 பிப்ரவரி

"இந்தி தெரிந்த ஒருவரைப் போட்டால் போதுமே" என்று பள்ளத்தூர் அண்ணன் எழுதியிருக்கிறார். போதாது அண்ணே. எங்கள் பெஞ்சில் ஒடியாக்காரர், வங்காளி, போஜ்புரி பேசுகிறவர், ஜார்கண்டிலிருந்து வந்த சந்தாலி பேசுகிறவர் என்று கலந்து இருக்கிறார்கள். இந்தியில் விளக்கினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டல் மரியாதைக்கு. சந்தாலிக்குத் தனி எழுத்தே உண்டு, ஓல் சிக்கி என்று பெயர். 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கியது. 2003-இலேயே அரசியல் சாசன எட்டாம் அட்டவணையில் சேர்ந்த மொழி. அந்தப் பையன் தன் பெயரை அந்த எழுத்தில் எழுதிக் காட்டியபோது பக்கத்திலிருந்த பீகார்க்காரருக்கே அது புதிது.

ஆகவே இப்போது இந்தியை நடுவில் வைப்பதில்லை. சாமான், கைச்சாடை, தமிழ். சிக்கினால் மட்டும் யாராவது எட்டிக் குரல் கொடுப்பார்கள்.

தமிழ்த்தாய்க்கே கோயில் கட்டியிருக்கிற ஊர் இது. தமிழ் தெரியாமல் வந்து நிற்பவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கூடம் கேட்டு நாங்கள் அலைந்த கதை தனி. பெரிய பெரிய வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. முகப்பை மட்டும் கொடுங்கள் என்றால், பங்காளிகள் ஏழு பேரிடம் கேட்க வேண்டும், அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பார்கள்.

11 பிப்ரவரி

சிரிப்புக்கு ஒன்று. முன்பு ஒரு வீட்டு மராமத்தில் இருந்த பையன், வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் "ஆச்சி" என்று கூப்பிடுவதைக் கேட்டு, முதலாளி என்றால் ஆச்சி என்று முடிவுகட்டிவிட்டான். வேறு சைட்டுக்குப் போனதும் மீசை வைத்த கான்ட்ராக்டரைப் பார்த்து, "ஆச்சி, சம்பளம்?" என்றானாம். அவர் சிரித்ததில் அன்றைக்கே கொடுத்துவிட்டார். எனவே இந்தப் பிழையைத் திருத்தலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் விவாதம் நடக்கிறது.

16 பிப்ரவரி

எதிர்பார்த்த கேள்வி வந்தே விட்டது. "நம் அப்பச்சிமார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனபோது யார் இலவச வகுப்பு எடுத்தார்கள்? தானாகக் கற்றுக்கொள்ளவில்லையா?"

எடுத்தார்கள். வகுப்பு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, போனவன் தனியாகவா போனான்? ஊர்க்காரர் வட்டிக்கடைக்குப் போனான். மேலே அடுத்தாள், அதற்கு மேலே மேலாள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே நீளக் கூடத்தில் பல கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டி, அதன் பக்கத்திலேயே பகலில் வியாபாரம், ராத்திரி படுக்கை. சமையலுக்கு ஊர்க்காரர். கூப்பிடு தூரத்தில் முருகன் கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-இலிருந்து இருக்கிறது. கணக்கு எழுத, பேரம் பேச, அந்த ஊர்ப் பேச்சில் கடன் கேட்டு வருகிறவனை எடைபோட, எல்லாவற்றையும் மேலே இருந்தவர்தான் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருஷக் கணக்கு, சம்பளம் முன்னாடியே பேசி எழுதியது. முடிந்ததும் ஊர்.

எங்கள் ஐயா மலாயாவில் இருந்தவர். சின்ன வயதில் எங்களை வரிசையாக உட்காரவைத்து "சாத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணிக் காட்டுவார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது சந்தைக் கிழவி ஒருத்தி என்பார். சந்தைக்கு அனுப்பியது மேலாள்.

புதுவயல் மில் கொட்டகையில் படுத்திருக்கும் பையனுக்கு மேலாள் யார்? அவனைக் கூட்டிவந்த ஏஜெண்ட் கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பார்க்கப் போய்விட்டான்.

17 பிப்ரவரி

நேற்று எழுதியது கொஞ்சம் பெருமையடிக்கிற தொனியில் வந்துவிட்டது என்று தேவகோட்டை ஆச்சி சொல்கிறார். இருக்கலாம். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வட்டித்தொழில் செய்ய, போனவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள், இவர்கள் உடம்பை வைத்துக்கொண்டு வருகிறார்கள், இரண்டும் ஒன்றில்லை என்கிறார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இன்னும் நெருக்கமான உதாரணமும் ஆச்சியே கொடுத்தார்: அறுபதுகளில் பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்தவர்கள். தமிழர்கள்தான், ஆனால் இங்கே புதியவர்கள். நம் ஊர் பர்மா காலனியில் யாரையாவது கேளுங்கள், முதல் வருஷம் எப்படி இருந்தது என்று.

23 பிப்ரவரி

"வேலைப் பயிற்சி" பற்றிப் புதுவயல் நண்பர் மறுபடி கேட்கிறார். கம்ப்யூட்டர் வாங்கிவிட்டாராம், வீணாகப் போகிறதே என்று வருத்தம். வீணாகாது, அதிலேயே படிவங்களை நிரப்புங்கள். ஆனால் மூட்டை தூக்குகிறவனுக்கு பயோடேட்டா அடிக்கக் கற்றுக்கொடுத்து யாரிடம் கொடுக்கச் சொல்வீர்கள்?

எங்கள் அனுபவத்தில் நின்றது ஒரே ஒரு பயிற்சி. நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு ராத்திரியும் அவனவன் எழுத்தில், அவனவன் மொழியில், நான்கு விஷயம்: தேதி, எந்த இடத்தில் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினான். எண்களை மட்டும் நாம் படிக்கிற மாதிரி எழுத வேண்டும். ஓவர்டைம் பார்த்தால் பக்கத்தில் ஒரு சுழி.

ஒரு பையனின் நோட்டைப் பார்த்தேன். எண்ணெய்க்கறை படிந்த அட்டை. ஒடியா எழுத்து எனக்குப் புரியாது, ஆனால் வலது ஓரத்தில் 700, 700, 700, அப்புறம் ஒரு கோடு, மழை வரைந்திருந்தான்! அன்றைக்கு வேலை இல்லை. அட்வான்ஸ் எல்லாம் சிவப்பு மையில். கணக்கு முடிக்கிற நாளில் மேஸ்திரி மூவாயிரம் பிடிக்க வேண்டும் என்றாராம், நோட்டில் இரண்டாயிரம்தான் இருந்தது. சண்டை இல்லை. நோட்டை விரித்துக் காட்டி, "அண்ணே, பாருங்க" என்றிருக்கிறான். மேஸ்திரியும் தன் துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்துவிட்டார். மேஸ்திரிமேல் குற்றம் சொல்லமாட்டேன், அவர் பத்துப் பேர் கணக்கைத் தலையில் சுமக்கிறவர்.

அதே நோட்டு இன்னொன்றுக்கும் கைகொடுக்கும். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், முந்தைய 12 மாதங்களில் 90 நாளாவது கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்காரர் என்பது தடை இல்லை. அந்த 90 நாளுக்குச் சான்று கேட்கப் போகும்போது, எந்த மாதம் எங்கே இருந்தோம் என்று முழிக்காமல் சொல்லலாம்.

2 மார்ச்

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் அறிவொளி இயக்கத்தை நினைவூட்டியிருக்கிறார். நன்றி, நானே எழுத நினைத்திருந்தேன். 1991, 92 வாக்கில் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தறிவு வகுப்போடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். எழுத்து மெதுவாகத்தான் பலன் கொடுக்கும். சைக்கிள் மறுநாளே கொடுத்தது, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், யார் தயவும் வேண்டாம். அந்த சைக்கிளின் இடத்தில் எங்களுக்கு இப்போது ஆதார் எண் மாற்றம் உட்கார்ந்திருக்கிறது. அழகு கொஞ்சம் குறைவுதான்.

9 மார்ச்

14-ஆம் தேதி ஹோலி. பாதிப் பேர் கிளம்பியாயிற்று. புதுவயல் நண்பர் "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்பார்.

போகட்டும். போனவர்களில் பலர் திரும்புவார்கள், இல்லை அவர்கள் அண்ணன் தம்பி வருவார்கள். வரும்போது முகவரியும் சேதியும் சேர்ந்து வரும்: "ஞாயிறு நான்கு மணி, கண்ணாடி போட்ட கிழவர் படிவம் நிரப்புவார்." இதைவிட நல்ல போஸ்டர் எனக்குக் கிடைக்காது.

ஹோலி என்றதும் 2023 மார்ச் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களைச் சேர்த்துப் பரப்பினார்கள். பொய் என்று காவல்துறையும் அரசும் சொல்லிப் பார்த்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். ஒரு பையன் தன் அறைக் கதவைத் திறக்கவே மறுத்தான். பக்கத்து வீட்டு ஆயா ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தது. அப்போது எங்களிடம் வகுப்பு கிடையாது. இப்போது ஒரு ஞாயிறு முழுக்க அதற்குத்தான். வீடியோவில் கடைப்பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்தது, பேசுவது தமிழா என்று பார்க்கச் சொல்கிறோம். தமிழ் எழுத்தை வாசிக்க வேண்டாம், அடையாளம் தெரிந்தால் போதும். எங்கள் எழுத்துப் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்தபடி பஸ் பலகை.

16 மார்ச்

இன்று வந்தது இரண்டு பேர். முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, தெருவெல்லாம் பால்குடம். வந்த இருவரையும் அன்னதானப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "ரசம்", "போதும்", "இன்னும் கொஞ்சம்" ஆகிய மூன்றும் இனி மறக்காது.

23 மார்ச்

பெண்களைப் பற்றி இதுவரை நான் ஒன்றுமே எழுதவில்லை என்று தேவகோட்டை ஆச்சி குட்டு வைத்தார். வலித்தது.

குடும்பத்தோடு வந்தவர்கள் கூடிவருகிறார்கள். ஞாயிறு நான்கு மணி ஆண்களின் நேரம். பெண்களுக்கு அது அடுப்பு நேரம். ஆச்சியும் அவர் தோழிகளும் கிழமை நாளில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தனியாக நடத்துகிறார்கள். அவர்கள் முதல் பாடம் எங்களுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது: எல்லாரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். 2021 மே முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. வந்து ஒரு வருஷம் ஆகியும் இது தெரியாமல் காசு வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனவர்கள் இருந்தார்கள். பஸ்ஸிலேயே எண், நிறுத்தம், "இறங்கணும்" எல்லாம் பாடம்.

ரேஷனும் அவர்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை இருந்தால் இங்குள்ள கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். குடும்பத்தின் பங்கில் ஒரு பகுதியை இங்கே, மீதியை ஊரில் என்றும் பிரித்து வாங்கலாம்.

ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் மனதைப் பிசைகிறது. பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்து சீக்கிரமே தமிழ் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் அவர்கள்தான் வீட்டுக்கே வக்கீல். பத்து வயதுப் பெண்பிள்ளை டாக்டர் முன்னால் நின்று அம்மாவின் மாதவிலக்குத் தொந்தரவை விவரிக்கிறாள். அம்மா தரையைப் பார்க்கிறாள். ஆச்சி இதைப் பார்த்துவிட்டு வந்துதான் உடம்பு, வலி, எத்தனை நாளாக, எங்கே என்கிற பாடத்தை முன்னால் தள்ளினார். கையால் தொட்டுக்காட்டி நாலு வார்த்தை அம்மாவே சொல்லிவிட்டால் போதும், பிள்ளை வெளியே விளையாடலாம்.

24 மார்ச்

பள்ளியில் டிசி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசி வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சண்டைக்குப் போகாதீர்கள். இதை ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் பணிவாக நீட்டுங்கள். நடக்கும்.

6 ஏப்ரல்

புதுவயல் நண்பர் திரும்பிவந்திருக்கிறார். நேரத்தை நான்கு மணிக்கு மாற்றினாராம், வகுப்பு என்ற பலகையை எடுத்துவிட்டு வாசலில் ஒரு மேசை போட்டாராம். ஆள் வருகிறதாம். ஆலை முதலாளி ஒருவர் கொட்டகையையே தருவதாகச் சொல்கிறார், ஆனால் தானும் வந்து உட்காருவேன் என்கிறார். சரியா என்று கேட்கிறார்.

கொட்டகையை வாங்கிக்கொள்ளுங்கள், முதலாளியை வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "சம்பளம் எப்போது" என்ற பாடம் நடக்காது. அவருக்குத் தனி வகுப்பு வையுங்கள். விளையாட்டில்லை. எங்களிடம் இரண்டு மேஸ்திரிகள் அரை மணி நேரம் முன்னதாக வந்து ஒடியாவில் பத்துச் சொற்கள் படிக்கிறார்கள்: தண்ணீர், சாப்பாடு, நில், விலகு, மெதுவாக, கரண்ட் இருக்கிறது, இந்த மாதிரி. சாரத்தின் மேலே நிற்கிறவனுக்குக் கீழேயிருந்து தமிழில் கத்தினால் அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கல் விழுந்துவிடும். சொல்லிக்கொடுப்பது அந்த நீலச்சட்டைப் பையன்தான். மேஸ்திரி தப்பாக உச்சரித்தால் "கோணல்" என்கிறான்.

நூறு ரூபாய் விவகாரம்: இன்னமும் வசூலிக்க ஆசையிருந்தால் முதலாளியிடம் வசூலியுங்கள், நோட்டுக்கும் டீக்கும் ஆகும்.

8 ஏப்ரல்

திங்கள் சித்திரை ஒன்று என்பதால் வகுப்பு உண்டா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. ஞாயிறு 13-ஆம் தேதி வழக்கம்போல நான்கு மணிக்கு உண்டு. ஆதார் நகலோடு வருகிறவர்களை இரண்டு பக்கமும் எடுத்து வரச் சொல்லுங்கள். போன வாரம் ஸ்டேப்ளரை எடுத்துப் போனது யார் என்று தெரியும், தேவகோட்டைக்குப் போயிருக்கிறது. வரும்போது ஸ்டேப்ளர் பின் ஒரு பெட்டியும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் ஆச்சி.